அம்பாசிடரும் பாடபேதமும்: காவிரிப் படுகை வாகனக் காப்பீடு குறித்து ஓர் ஆய்வு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் படியெடுத்துப் பதிப்பித்துவிட்டார். அந்தத் துறையில் நமக்கு இனி பெரிய வேலை இல்லை. ஆனால் அதே மாவட்டத்தில், வைக்கோல் போருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே நிற்கும் கார் ஷெட்டுகளில், அறிஞர் எவரும் சீண்டாத கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் சேஸிஸ் நம்பர்.

இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் தூக்கி, கிரீஸ் படிந்த தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். வெள்ளைத் தாளை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார். ‘பென்சில் பிரின்ட்’ என்பது துறை வழக்கு. பாதி எண் விழும், மீதியைத் துரு தின்றிருக்கும். ராஜராஜன் தகரத்தில் எழுதாமல் கல்லில் எழுதியதன் அருமை அந்த நேரத்தில்தான் விளங்கும்.

நம் ஆய்வுப் பொருள் திருவையாற்றுப் பக்கத்து மிராசுதார் வீட்டு அம்பாசிடர் மார்க் 2. உத்தரபாரா ஆலையை விட்டு வந்தபோது 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் விலை ஏறியதும் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பிறகு பேரன் தலையெடுத்து, 1,817 சிசி இசுசூவை இறக்கினார். கூடவே பவர் ஸ்டீரிங், டிஸ்க் பிரேக், ஏசி. தாத்தா வாங்கியதில் மிஞ்சியிருப்பது மூக்கும் முதுகும்.

ஆர்.சி. புத்தகம் மூலபாடம் என்றால், ஷெட்டில் நிற்பது பாடபேதம். இரண்டுக்கும் உள்ள தூரத்தை ரூபாயில் அளக்கவும் முடியும். 2022ஆம் ஆண்டு விதிப்படி மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. காகிதத்தில் இருக்கும் காருக்கு முந்தையது, ரோட்டில் ஓடும் காருக்குப் பிந்தையது. இடைவெளி 4,481 ரூபாய்.

சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி கேட்டு அந்த வீட்டுப் பெரியவர் ஒரு கம்பெனிக்குப் போனார்.

“வேரியன்ட் என்னங்க ஐயா?”

“அப்ப வேரியன்ட்டெல்லாம் ஏது தம்பி? கறுப்பு, வெள்ளை. அவ்வளவுதான்.”

“சிஸ்டத்துல வரலைங்க ஐயா.”

சிஸ்டத்தில் வராத பொருள் உலகில் உண்டா இல்லையா என்று தத்துவவாதிகள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கலாம். கம்பெனி முடிவு கட்டிவிட்டது.

அடுத்து விலை. ஐந்து வயது வரைக்கும் வாகனத்தின் காப்பீட்டு மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, எவ்வளவு சதவீதம் குறைப்பது என்று அட்டவணை இருக்கிறது. ஐந்தைத் தாண்டினால் கம்பெனியும் வாடிக்கையாளரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டுமாம். பெரியவர் எட்டு லட்சம் என்றார். கம்பெனி முப்பதாயிரம் என்றது. ஏசிக்கே அதற்கு மேல் ஆகியிருந்தது.

‘விண்டேஜ்’ என்று பதிந்துகொள்ளலாமே என்பார் ஒரு சாரார். அதற்கு 2021இல் ஒன்றிய அரசு தனி விதி கொண்டுவந்தது. வண்டிக்கு 50 வயது தாண்ட வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். கொள்முதல் நிலையத்துக்குப் போகக் கூடாது. விதைநெல் மூட்டை ஏற்றும் பேச்சே வேண்டாம்.

இந்த விதியைத் திருவாரூர் ஆழித்தேருக்குப் பொருத்திப் பார்த்தேன். 1926இல் எரிந்துபோய் மறுபடி கட்டிய தேர் அது. பிறகு திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. பாடி மாற்றம், பிரேக் மாற்றம், இரண்டுமே உண்டு. விண்டேஜ் தகுதி கிடைக்காது. நல்லவேளை, தேருக்கு எஞ்சின் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் தியாகராஜர் பக்கம் வராது.

அம்பாசிடருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆக, ஓடாத பழைய காருக்குச் சட்டத்தில் மரியாதை, ஓடும் புதிய காருக்குக் கம்பெனியில் மரியாதை. ஓட வேண்டும் என்பதற்காகவே மாற்றப்பட்ட பழைய காருக்கு எங்கேயும் இடமில்லை. இதுவே இவ்வாய்வின் முடிபு. நியாயமில்லாத முடிபு என்பது என் தனிக் கருத்து.

மூன்றாம் நபர் பாலிசியே போதும் என்போருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் பதில் சொல்வார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. தன் மரம் தன் கார் மேல் விழுந்தால் அந்தப் பாலிசியில் காலணா பெயராது. அங்கே மூன்றாம் நபர் என்று சொல்ல கஜா ஒன்றுதான் உண்டு, அதற்கு விலாசம் கிடையாது.

வாசகருக்கு ஒன்று. எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், கிடைத்தால் ஆர்.சி.யில் ஏற்றுங்கள். கூடுதலாகப் பொருத்தியவற்றை பில்லோடு பாலிசியில் எழுதச் சொல்லுங்கள், ஒத்துக்கொண்ட மதிப்பு அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி கிளெய்மை மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவரிடம் மனுப்போடக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.