வரவு 18,000, தவணை 41,655

மாதம் பிறந்தால் அந்த ஐ.டி. ஊழியரின் செல்போனுக்கு இரண்டு செய்திகள் வரும். வாடகை 18,000 ரூபாய் வரவு. வீட்டுக் கடன் தவணை 41,655 ரூபாய் பற்று. இடையில் துண்டு விழும் 23,655 ரூபாய்க்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘முதலீடு’. அவர் மனைவி வைத்திருக்கும் பெயரை அச்சில் ஏற்ற முடியாது.

மேடவாக்கத்தில் மறுவிற்பனைக்கு வந்த ஃபிளாட், விலை 60 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே 48 லட்சம் கடன். மீதி 12 லட்சத்துக்கு பி.எஃப். கொஞ்சம், மாமனார் கொஞ்சம். முழு விலைக்கும் பத்திரம் போட்ட உத்தமர் வேறு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,40,000 ரூபாய் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கரைந்தது. அதற்கு வங்கி சல்லிக்காசு தராது.

வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். முதல் தவணையில் 34,000 ரூபாய் வட்டிக்கே போய்விட்டது. அசலில் கழிந்தது 7,655. வட்டி விகிதம் அசையாமல் நின்றாலும், 48 லட்சத்துக்கு அவர் கட்டி முடிக்கப்போவது ஏறக்குறைய 1 கோடி. வாடகையோ வருடத்துக்கு 2,16,000. வீட்டு விலையில் 3.6 சதவீதம். எட்டரைக்கு வாங்கி மூன்றரைக்கு விடும் இந்த வியாபாரத்தைக் கந்துவட்டிக்காரரிடம் சொன்னால் சோடா கேட்பார்.

“டாக்ஸ்ல வந்துடும் சார்” என்று தைரியம் சொன்னவர் ஆடிட்டர். வந்தது, ஓரளவுக்கு. வீட்டுவரி போக மிச்சமுள்ள வாடகையில் 30 சதவீதத்தை, ஒரு பல்புகூட மாற்றாவிட்டாலும் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். அதனால் வரும் நஷ்டத்தில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம், பழைய வரித் திட்டத்தில் இருந்தால். நம்மவர் புதிய திட்டத்துக்கு மாறிவிட்டார். அங்கே வீட்டு நஷ்டத்துக்கும் சம்பளத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பணம் இந்த லட்சணம் என்றால், நிர்வாகம் தனிக்கதை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு போன். “சார், சிங்க் கொழா ஒழுகுது.” நம்மவர் தூக்கக் கலக்கத்தில் பிளம்பரைத் தேடுவார். பிளம்பர் பதினொன்றுக்கு வந்து, வாஷர் மாற்றி, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, “பைப்பே போச்சு சார்” என்று அடுத்த வாரத்துக்கும் வேலை வைத்துவிட்டுப் போவார்.

சட்டத்தைப் பார்த்திருந்தால் தூங்கியிருக்கலாம். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்தே வைத்திருக்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், கதவுப் பூட்டு எல்லாம் குடியிருப்பவர் தலையில். சுவருக்கு வெள்ளையடிப்பதும், தேவைப்பட்டால் பைப் மாற்றுவதும் ஓனர் பொறுப்பு. ஆனால் காலி செய்கிறவரிடம் ‘பெயின்டிங்’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதுதான் சென்னை வழக்கம். வாஷருக்கு ஓடுகிற ஓனர், பெயின்ட்டில் வட்டியும் முதலுமாக எடுத்துவிடுவார்.

வீட்டைப் பார்க்கப் போக வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம்மவர் மணி அடித்துவிட்டு, “இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே...” என்று செருப்பைக் கழற்றுவார். கண் நேராகச் சுவருக்குப் போகும். “காலண்டர் புதுசா மாட்டினீங்களா? ஆணியா?” அந்த அம்மா பதில் சொல்லாமல் காபி போட உள்ளே போவார்.

அட்வான்ஸ் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த ‘எழுதிக்கொண்டாலொழிய’ என்ற சந்துக்குள் பத்து மாத அட்வான்ஸ் வசதியாக நுழைந்துகொள்கிறது. 1,80,000 ரூபாய். அது வந்த வாரமே மாடுலர் கிச்சனாக மாறிவிட்டது. குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்றால் அடுத்தவரிடம் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். டூலெட் போர்டு மாட்டும்போது அவர் கை நடுங்குவது அதனால்தான்.

வங்கி வட்டி வாங்குகிறது, பதிவுத்துறை கட்டணம் வாங்குகிறது, புரோக்கர் ஒரு மாத வாடகை வாங்கினார், மாமனார் வாங்கவில்லை, ஆனால் சொல்லிக்காட்டுகிறார். ஓனருக்கு வட்டியில்லாமல், வாய் பேசாமல் கடன் கொடுத்த ஒரே ஆள் குடித்தனக்காரர்தான். அவர் காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்துக்கொள்ளட்டும் சார், விட்டுவிடுங்கள்.