பந்துக்கு முன்னே வந்த கோப்பை

கேள்வி: நம் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் வயது என்ன? தமிழர்களுக்கு அங்கே திடல் மட்டும்தானா, நாற்காலியும் கிடைத்ததா? (வாசகர், செந்தூல்)

பதில்: பிள்ளை பிறக்கும் முன்பே தொட்டில் வந்த வீடு இது! 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல் மாலுமிகள் அன்பளிப்பாகத் தந்த கோப்பைக்கு மாநிலங்கள் மோதத் தொடங்கிவிட்டன. இன்றைய மலேசியக் கிண்ணம் அதுதான். தேசியச் சங்கம் முறையாக அமைந்ததோ 1933-இல். அதனால்தான் இன்றும் மாநிலச் சங்கங்களே அதன் தூண்கள். துங்கு அப்துல் ரஹ்மான் 1951-இல் சங்கத்தின் தலைவரானார். சுதந்திரம் வந்த 1957-லேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டியையும் தொடங்கிவைத்தார். நாட்டையும் பந்தையும் ஒரே கையில் ஏந்திய தலைவர்!

திடலில் நம்மவர்களுக்கு என்ன குறை? 1972 மூனிக் ஒலிம்பிக்கில் அணித்தலைவர் எம். சந்திரன். கோலைக் காத்தவர்களில் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் போல் இன்னொருவரை நான் எங்கே தேடுவேன்? 1988-இல் சாலை விபத்து அவரைப் பறித்துக்கொண்டது. அந்த வலி இன்னும் ஆறவில்லை.

நாற்காலியா? சிலியாவில் பிறந்த பீட்டர் வேலப்பன் 1978 முதல் 2007 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒரு கண்டத்தின் பந்தையே உருட்டியவர். ஆகவே, செந்தூல் பெற்றோரே, பிள்ளைக்குக் காலணி வாங்கும்போது சங்க விதிப்புத்தகத்தையும் கையில் கொடுங்கள்.