ஒரு சிட்டிகை வம்பு

தபால் தலை சேர்க்கிறவரிடம் யாரும் "நீங்கள் நிறையக் கடிதம் எழுதுவீர்களோ?" என்று கேட்பதில்லை. பழைய நாணயம் சேர்க்கிறவரிடம் கைமாற்று கேட்கிறவர்களும் இல்லை. நான் மூக்குப்பொடி டப்பி சேர்க்கிறவன். சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவரின் பார்வை என் மூக்கில் வந்து உட்காரும். அங்கிருந்து சட்டைப் பைக்கு இறங்கி, கைக்குட்டை என்ன நிறம் என்று சோதித்துவிட்டுத்தான் திரும்பும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட எங்கள் வீட்டில் இத்தனை நுணுக்கமாகப் பார்த்ததில்லை.

போடுவது எப்போதாவது, சேர்ப்பது எப்போதும். கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். நம்பியவர் எவரும் இல்லை.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு பித்து பிடித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது ஏற்படுத்திய சாலைக் கடைத்தெரு எங்கள் வாசலிலேயே ஓடுகிறது. பெருங்காயம், வத்தல் மிளகாய், கருவாடு, பிச்சிப்பூ, ஏலம், சுக்கு என்று மூக்கைச் சும்மா இருக்க விடாத தெரு அது. புகையிலைக்கும் திருவிதாங்கூருக்கும் உள்ள உறவோ இன்னும் ஆழமானது. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து இங்கே வந்து இறங்கும். அதை விற்கும் ஏகபோகம் சர்க்காருடையது. 1860-களில், மாதவராவ் திவானாக இருந்தபோதுதான் அந்த ஏகபோகம் ஒழிந்தது. அதுவரைக்கும் இந்த ஊரில் ஒருவன் பொடி போட்டுத் தும்மினால் அந்தத் தும்மலில் மகாராஜாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. வெறும் ஜலதோஷத் தும்மலில்தான் கஜானாவுக்கு நஷ்டம்.

எங்கள் பெரியப்பா சாலையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். அவரைப் பார்த்துத்தான் பொடி போடுவது ஒரு கலை என்று தெரிந்துகொண்டேன். முதலில் டப்பியின் மூடியை நடுவிரலால் இரண்டு தட்டு. மூடியில் ஒட்டியிருக்கும் தூள் கீழே இறங்குவதற்காக. பிறகு பெருவிரல் நகத்தால் மூடியை நெம்பித் திறப்பார். சிட்டிகையை எடுத்தவுடன் மூக்குக்குக் கொண்டுபோய்விட மாட்டார். விரல்களுக்கு நடுவில் அதை மெல்ல உருட்டிக்கொண்டே எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்பார். எதிராளி முக்கியமான விலையைச் சொல்லும் நேரம் பார்த்துச் சர்ரென்று ஓர் இழுப்பு. கண்ணில் நீர் தளும்பும். அதைப் பார்த்த வியாபாரி, தான் சொன்ன விலையைக் கேட்டுத்தான் மனுஷன் கலங்கிவிட்டார் என்று எண்ணி அங்கேயே கொஞ்சம் குறைத்துவிடுவார். விரலில் மிச்சம் இருந்ததை உதறும்போது அது பேரேட்டில் விழும். அந்தப் பழைய பேரேடுகளைப் புரட்டியிருக்கிறேன். எந்தப் பக்கத்தில் பழுப்புக் கறை அதிகமோ, அந்தப் பக்கத்தில் கூட்டல் இடித்திருக்கிறது என்று அர்த்தம்.

பொடிக்காரனுக்கு இன்னொரு தர்மமும் உண்டு. நாலு பேர் நடுவில் டப்பியைத் திறந்தால் நாலு பேருக்கும் நீட்ட வேண்டும். பெரியப்பாவின் டப்பியில் முதலாளியின் விரலும் போகும், மூட்டை இறக்க வந்தவரின் விரலும் போகும். "அண்ணாச்சி, ஒரு நுள்ளு" என்று முன்பின் தெரியாத மலையாளி கேட்டாலும் டப்பி நீளும். ஒரே இலையில் சாப்பிட யோசித்த காலத்தில் ஒரே டப்பியில் கைவிட எவரும் யோசிக்கவில்லை. சமூக சீர்திருத்த வரலாற்றில் இதற்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

பொடிக்கடையும் பார்க்க வேண்டிய இடம்தான். வறுத்த புகையிலையை இடித்துச் சலித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்துப் பக்குவம் பண்ணுவார்கள். நெய் மணத்துக்கும் வழவழப்புக்கும். சுண்ணாம்பு வேறு வேலை பார்க்கிறது. அதன் காரத்தன்மையால் நிகோடின் சட்டென்று விடுபட்டு, மூக்கின் சவ்வு வழியாக ரத்தத்துக்குள் பாய்கிறது. உச்சந்தலையில் யாரோ விளக்குப் போட்டது போல இருப்பது அதனால்தான். கடைக்காரர் நீளக் காம்புக் கரண்டியால் ஜாடியிலிருந்து அள்ளி, காய்ந்த வாழை மட்டையில் கொட்டி, மடித்து, நார் சுற்றித் தருவார். அதுதான் பொடிமட்டை.

இங்கேதான் சேகரிப்பவனுக்குச் சிக்கல். நாட்பட்ட பொடிக்குக் காரம் இறங்கிவிடும். திருவனந்தபுரத்தில் அதற்கு நாட்படவும் வேண்டாம். எடவப்பாதி ஒன்று, துலாவர்ஷம் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு மழை. பொடி கட்டிதட்டி, கோலிக்குண்டாகிவிடும். சீனாக்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஐரோப்பாவிலிருந்து பொடியோடு வந்த டப்பி அங்கத்து ஈரக்காற்றுக்குத் தாங்கவில்லை. சிங் வம்சத்தார் காலத்தில் அவர்கள் பொடியைச் சின்னஞ்சிறு குப்பிகளில் போட்டு, மூடியோடு ஒரு குட்டிக் கரண்டியையும் கோத்துவிட்டார்கள். அந்தக் குப்பிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உள்ளே இருந்த பொடி எவர் மூக்கிலோ போய்விட்டது. ஆகவே பொடியைச் சேர்க்க முடியாது, டப்பியைத்தான் சேர்க்கலாம் என்பது உலக வரலாறே ஒப்புக்கொண்ட உண்மை.

என் அலமாரியில் எருமைக்கொம்பில் கடைந்த சிமிழ் இருக்கிறது, சிரட்டை டப்பி இருக்கிறது. இரண்டும் இந்த ஊர்க் கைவேலை. பித்தளையில் வெற்றிலை வடிவம் ஒன்று, ஜெர்மன் சில்வரில் முட்டை வடிவம் ஒன்று, டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடியின் பழைய தகர டப்பா ஒன்று. ஒரு வில்வக் குடுக்கையும் உண்டு. அது விபூதி வைப்பதற்கு உள்ளது, வரிசையில் இடம் காலியாக இருந்ததால் வைத்தேன். பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவர், கண்ணில் புரை விழுந்தவர், வந்தார். கை பழக்கத்தில் குடுக்கைக்குள் போயிற்று. பலமாக ஓர் இழுப்பு இழுத்தார். சற்று நேரம் மௌனம். "எந்தக் கடைச் சரக்கு? காரமே இல்லையே" என்றார். சிவனுடைய பிரசாதத்துக்கு இப்படி ஒரு விமரிசனம் அதற்கு முன்பு வந்திருக்காது.

தெய்வம் பொடிக்குள் வந்த கதை இதைவிடப் பெரியது. அது உச்சநீதிமன்றம் வரை போயிற்று. சென்னையில் ஸ்ரீ அம்பாள் கம்பெனியார் பரிமள மூக்குப்பொடி விற்றார்கள். பூகோள உருண்டையின் மேல் அம்பாள் உட்கார்ந்திருக்கும் படம் அவர்களுடைய வணிக முத்திரை. 1958-இல் இன்னொரு பொடி வியாபாரி "ஸ்ரீ ஆண்டாள்" என்ற முத்திரையைப் பதிவு செய்யக் கேட்டார். நடுவில் ஆண்டாள் படம், இரு பக்கமும் தமிழ், தேவநாகரி, தெலுங்கு, கன்னட எழுத்துகள். அம்பாள் தரப்பு ஆட்சேபித்தது. ஆண்டாள் அரங்கனுக்கு உரியவள், அம்பாள் சிவனுக்கு உரியவள், இதில் குழப்பம் ஏது என்று நம் வீட்டுப் பாட்டியே தீர்ப்புச் சொல்லியிருப்பாள். ஆனால் 1969-இல் உச்சநீதிமன்றம், பொருளில் வேறுபாடு இருந்தாலும் ஒலியில் இரண்டும் நெருக்கம், வாங்குகிறவர் ஏமாறக்கூடும் என்று ஆண்டாளுக்குப் பதிவை மறுத்துவிட்டது. முத்திரைகளைக் கண்ணாலும் பார்க்க வேண்டும், காதாலும் கேட்க வேண்டும் என்றது தீர்ப்பு. வணிக முத்திரைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு மனக்குறை. கண்ணைக் கணக்கில் எடுத்தார்கள், காதைக் கணக்கில் எடுத்தார்கள். மூக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை. பெரியப்பாவிடம் இரண்டு பொடியையும் கொடுத்திருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்லியிருப்பார்.

பொடி போட்டவர்களின் பட்டியல் சாமானியமானது அல்ல. அறிஞர் அண்ணாவின் பொடிப் பழக்கம் ஊரறிந்தது. பிரஷ்ய மன்னர் மகா பிரெடரிக் டப்பி சேர்ப்பதில் எனக்கு மூத்தவர். 1759-இல் குனர்ஸ்டார்ஃப் போரில் அவர் மேல் பாய்ந்த குண்டைச் சட்டைப்பையில் இருந்த பொடி டப்பி தடுத்தது என்று சொல்வார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுமக்கள் சபையில் 1690-களிலேயே புகைக்கத் தடை வந்துவிட்டது. ஆனால் உறுப்பினர்களுக்கு இனாமாகக் கொடுக்க வாசல் காவலரிடம் ஒரு பொடி டப்பி இருக்கும். 1642-இல் போப் எட்டாம் உர்பன், செவில் நகரத் தேவாலயங்களில் பொடி போட்டால் மதவிலக்கு என்று ஆணையிட்டார். 1725-இல் போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் தடையைத் தளர்த்தினார். அவருக்கே பொடியில் பிரியம் உண்டு என்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவரின் மூக்கைப் பொறுத்துத்தான் சட்டம் வளைகிறது என்பது என் துணிபு.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் உறவுப்பையன் ஒருமுறை அந்த ஊர்ப் பொடி கொண்டுவந்தான். மெந்தால் மணம், அழகான குட்டி டப்பா. பெரியப்பா அரைச் சிட்டிகை எடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "விக்ஸ் தடவுவதற்கு எதற்குடா விமானச் செலவு?" என்றார். டப்பா என் அலமாரிக்கு வந்தது.

என் மனைவிக்கு இந்த அலமாரியே ஆகாது. பொடி என்ற சொல் வீட்டில் சாம்பாரோடு மட்டும் சேர்ந்து வரலாம் என்பது அவளுடைய சட்டம். ஆனால் அவளுக்கு மிகவும் பிடித்த பட்டுப்புடவை மூக்குப்பொடி கலர். இதை நான் ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சுட்டிக்காட்டினேன். அன்று பந்தியில் எனக்குப் பாயசம் வரவில்லை.

அவள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. மூக்கில் போட்டாலும் புகையிலை புகையிலைதான். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் பொடிக்கும் இடம் உண்டு. 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் சிகரெட்டோடு பொடியையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, கல்விக்கூடங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. 2016 முதல் பொதியின் முகப்பில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படத்துக்கு. ஒரு காலத்தில் அம்பாள் வீற்றிருந்த லேபிளில் மிச்சம் இருக்கும் மூலையில் இன்று முதலாளியின் தலைப்பாகை மட்டும்தான் தெரியும். புதிய டப்பாக்களை நான் சேர்ப்பதில்லை. வீட்டில் குழந்தைகள் பயப்படுகிறார்கள்.

ஆனாலும் இந்தப் பண்டத்துக்குத் தமிழில் ஒரு பிரபந்தமே உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பிப் பாடினார். உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். அதில் ஒரு கதை. தேவர்கள் சிவனிடம் வில்வத்தையும் திருமாலிடம் துளசியையும் பிரமனிடம் புகையிலையையும் கொடுத்து, நாளை கொண்டுவாருங்கள் என்றார்கள். வில்வத்தைக் கங்கையும் துளசியைப் பாற்கடலும் அடித்துக்கொண்டு போயின. புகையிலை மட்டும் பத்திரமாக இருந்தது. பிரமன் அதைத் தன் நாவில் உள்ள சரசுவதியிடம் கொடுத்து வைத்திருந்தான். வித்துவான்கள் பலருக்குப் பொடி இல்லாமல் வாய் திறக்காததற்கு இதைவிட நல்ல சமாதானம் கிடைக்காது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து அதே சரசுவதி எங்கள் ஊர்க் கோட்டைக்குள் எழுந்தருளும்போது, உடன் வரும் வேளிமலைக் குமாரசாமி தங்குவது எங்கள் ஆரியசாலைக் கோயிலில். பழனிக்குப் போன தூதுக்கு இங்கேயாவது பதில் வரும் என்று பெரியப்பா கடைசி வரை நம்பினார்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பொடி டப்பி அகப்பட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், என்னிடம் கொடுங்கள். மூடி துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, கீல் கழன்றிருந்தாலும் பரவாயில்லை. திறந்து பார்க்கும் முன் மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள்.