சுவான யஜமான பரஸ்பர சம்ரக்ஷண விசாரம்

உலகத்தின் உற்பத்தி முதல் உப்புமாவின் உற்பத்தி வரையில் சகல விஷயங்களையும் ஆராய்ந்து முடித்துவிட்ட நம் வித்வான்கள், குளிர்காலத்தில் மனிதன் நாயைக் காக்கிறானா, நாய் மனிதனைக் காக்கிறதா என்னும் கேள்வியை மட்டும் வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருப்பது பெரிதும் வியக்கத்தக்கது. அக்குறையை இயன்றமட்டில் நீக்குவதே இவ்விசாரத்தின் பிரயோஜனம். மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊர்களில் இதை நடத்துவது வீண் என்பதனால், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் மேலே, தெளிந்த இரவுகளின் முடிவில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்தும், பள்ளத்துத் தேயிலை கருகியும் கிடக்கும் உதகமண்டலத்தையே க்ஷேத்திரமாகக் கொண்டோம். பிரத்யக்ஷம், அநுமானம், ஆகமம் என்னும் மூன்றும் நமக்குப் பிரமாணங்கள்.

எஜமானரே நாயைக் காக்கிறார் என்பது பூர்வபக்ஷம். ராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய ஜாதிகள் சமவெளியின் வெயிலுக்கேற்ற குட்டை ரோமம் உடையவை. அவற்றை மலைமேல் கொண்டுவந்தால் நடுங்குமே என்று பழைய ஸ்வெட்டரின் கைகளை வெட்டி அணிவிப்பவரும், சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாதபடி சாக்கை நான்காய் மடித்துப் போடுபவரும், நாயைத் தேடியே வீட்டோரம் வரும் சிறுத்தையை உத்தேசித்து அந்தியிலேயே அதை உள்ளே அழைத்துத் தாழிடுபவரும் அவரல்லவா என்று பூர்வபக்ஷிகள் கேட்பார்கள். மேலும், ஊட்டிக் கடைத்தெருவில் மணக்கும் சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமின் என்னும் வஸ்துவை நாயின் தேகம் மிக மந்தமாகவே கழிப்பதால் அது நாய்க்கு விஷம். கிறிஸ்துமஸ் கேக்கிலுள்ள உலர்ந்த திராட்சையோ அதன் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. ஆகவே, வீட்டிலுள்ள சாக்லேட்டையும் கேக்கையும் ஒரு துணுக்குக்கூட மிஞ்சாதபடி தாமே உண்டு தீர்த்துவிடும் எஜமானரின் தியாகத்தைத் தங்கள் வாதத்துக்குச் சிகரமாக அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

அந்தத் தியாகத்தின் பலன் அவருடைய இடுப்பில் சேர்ந்துவிடுகிறதே, அதைக் கரைப்பவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்டால் அவர்களிடம் மறுமொழி இராது. கம்பளிக்குள்ளிருந்து பத்து மணிக்கு முன் வெளிப்படுவதில்லை என்னும் சங்கற்பத்தோடு படுத்தவரை, பொழுது புலருமுன் முகத்தில் மூச்சுவிட்டு எழுப்பி, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு மணி நேரம் நடத்திக் கொண்டுவந்து சேர்ப்பது நாயே. அவ்வேளையில் குல்லாயும் மஃப்ளரும் இரண்டு ஜோடிக் காலுறையும் பூண்டவர் வழுக்கி விழ, வெறுங்காலோடு செல்லும் நாய் விழாமல் நிற்பது பிரத்யக்ஷம். அதன் பாதத்தில், தேகத்திலிருந்து இறங்கும் சூடான ரத்தத்தின் நாளங்களும், குளிர்ந்து மேலேறும் ரத்தத்தின் நாளங்களும் அருகருகே அமைந்து, உஷ்ணத்தைத் தரைக்கு விட்டுவிடாமல் ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொள்கின்றன. காலுறைக் கடைக்காரர் எவரும் இந்த ஏற்பாட்டைப் பற்றி இதுவரை வாய் திறந்ததில்லை.

இரவு விஷயமும் இவ்வாறே. மனிதனின் உஷ்ணம் 98.6 டிகிரி; ஆரோக்கியமான நாயினதோ ஏறக்குறைய 101 முதல் 102.5 வரை. உஷ்ணம் மிக்க பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குப் பாயுமென்பது பௌதிகம். எனவே, பாவம், குளிருமே என்று நாயைக் கால்மாட்டில் படுக்கவைத்துக்கொள்பவர், தாம் கொடுப்பதாக எண்ணியே வாங்குகிறார். அன்றியும், ஜன்னலடைத்த அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கினால், நிறமும் மணமுமில்லாத கார்பன் மோனாக்ஸைடு உயிரையே வாங்கிவிடும். நாயென்னும் கணப்பில் அந்த விஷவாயு இல்லை. இரவில் மும்முறை கதவைப் பிறாண்டித் திறக்கச் செய்வதன் மூலம் அறைக்குக் காற்றோட்டத்தையும் அதுவே கவனித்துக்கொள்கிறது.

அநுமானப் பிரமாணம் இன்னும் நுட்பமானது. சூரியவெளிச்சம் மேனியில் படுகையில் மனிதனுக்கு விட்டமின் டி உண்டாகிறது. நாய்க்கோ அந்தச் சத்தைத் தோலில் போதுமான அளவு ஆக்கிக்கொள்ளும் வன்மை இல்லை, தின்னும் ஆகாரத்திலிருந்தே பெறவேண்டும். வெயிலால் அந்த லாபம் கிட்டாத பிராணி, அதற்கு உரியவரைக் கயிற்றின் மறுமுனையில் கட்டி வெயிலுக்கு இழுத்துச் செல்வானேன்? அவரை அங்கே நிறுத்தி அவருக்குரியதைச் சேர்த்துவிட்டு, தனக்குரியதை மாலையில் முட்டையாகவும் மீனாகவும் தட்டில் வாங்கிக்கொள்ளும் உடன்படிக்கை ஒன்று இருந்தேயாக வேண்டுமென்று அநுமானிக்கிறோம். தேநீரில் தோய்த்த வர்க்கியில் ஒரு பங்கை நாள்தோறும் அது வசூலிப்பது வட்டி.

ஆகமத்துக்கு மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வம் போதும். பாண்டவர் ஐவரும் திரௌபதியும் ஒரு நாயும் இமயத்தின் குளிரில் நடந்தபோது, திரௌபதி, சகதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக வீழ்ந்தனர். தருமபுத்திரர் ஒருவரே சரீரத்தோடு சுவர்க்கத்தை எட்டினார். இதற்கு அவருடைய தர்மமே காரணமென்பது பழைய உரை. நாய் அறுவரோடும் சென்றதே, ஒருவரை மட்டும் காத்ததென்பது எப்படிப் பொருந்துமென்று ஆக்ஷேபிக்கலாம். தேரேறச் சொல்லி இந்திரனே அழைத்தபோதும் நாயை விட்டு வரமாட்டேன் என்றவர் அவர் ஒருவரே; உடன் வருவது வேறு, வளர்ப்பது வேறு என்பது சமாதானம். அந்த நாய் தர்மதேவதையே என்று பின்னால் வெளிப்படுவது, நாய் வளர்ப்போர் எவருக்கும் புதுச் செய்தியன்று.

இனிச் சித்தாந்தம். எஜமானர் தம்மை வைத்தியராகவும் நாயை நோயாளியாகவும் கருதுகிறார். நாயும் அவ்வண்ணமே, பாத்திரங்களை மாற்றி, கருதுகிறது. நோயாளிக்காகவே என்றெண்ணி வைத்தியர் எழுந்து நடக்கிறார், வெயிலில் நிற்கிறார், வேளைக்குச் சமைக்கிறார். தமக்காக என்றிருந்தால் இவற்றில் ஒன்றையும் செய்திருக்கமாட்டார். ஆகவே பனிக்காலத்தில் இருவர் தேகமும் செழித்திருப்பதற்கு மூலகாரணம் உஷ்ணமோ, கம்பளியோ, விட்டமினோ அன்று. இருவர் மனத்திலும் சரிபாதியாய்க் குடிகொண்டிருக்கும் இந்தப் பிராந்தியே. பிராந்தி நீங்கினால் ஆரோக்கியமும் நீங்குமாதலால், இக்கட்டுரையை நாய் வளர்ப்போர் கண்ணில் படாதபடி வைத்திருத்தல் உத்தமம். நாய்களுக்கு வாசிக்கத் தெரியாதாகையால் அத்தரப்பில் அபாயமில்லை.