ஆறாவது பிள்ளை

1951 ஏப்ரல் 18-ஆம் தேதி தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஒரு நிலச்சுவான்தார் நூறு ஏக்கரைத் தானமாக அளிக்கக் கண்ட ஆசாரிய வினோபா பாவே, மனித ஹிருதயத்தில் கருணை ஊறுவதற்கு நடையைவிட உத்தமமான உபாயம் வேறில்லை எனத் துணிந்து, வருஷக்கணக்காகத் நிலமற்றோருக்காகப் பூதானம் கேட்டுத் தேசமெங்கும் கால்நடையாகவே சுற்றி, 1956-57-இல் தமிழகத்துக்கும் எழுந்தருளினார்.

‘ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக ஏற்று, பாகத்தைக் கொடுங்கள்’ என்பதே அவர் விண்ணப்பத்தின் சாரம். ஐந்து பிள்ளைகளுக்குப் பாகம் பிரிப்பதற்கே கும்பகோணம் கோர்ட்டில் இரண்டு தலைமுறை வக்கீல்களைப் போஷித்துவரும் காவிரிக்கரை மிராசுதாரிடம் இப்படிக் கேட்க அசாத்திய தைரியம் வேண்டும். பாதம் தேய நடப்பது அதற்கு அடுத்த சாதனைதான். பூரணகும்பமும் மாலையும் நீர்மோரும் எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள். வாய்க்கால் பாயும் இருபோக நஞ்சையில் ஒரு மா என்றால்தான் தாயாதிகளைக் கலந்து பேசவேண்டியிருக்கும்.

ஐந்து கோடி ஏக்கர் கோரிய பூதான இயக்கத்துக்குத் தேசமுழுதும் நாற்பது லட்சத்துக்கு மேல் சேர்ந்ததும், அதில் கணிசமான பகுதி பாறையாகவும் தரிசாகவும் வியாஜ்யத்தில் சிக்கியதாகவும் இருந்ததும் பிரசித்தம். ஆறாவது பிள்ளைக்கு வழக்கையும் சேர்த்தே எழுதிவைத்த பெற்றோரைப் பட்சபாதிகள் என்று எப்படிச் சொல்வது?

பூதானத்தில் உழைத்த தம்பதி ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981-இல் ‘லாஃப்டி’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, கீழத்தஞ்சையில் வங்கிக் கடன் பெற்று, நிலத்தை விலைக்கு வாங்கி நிலமற்றோருக்கு வழங்கலானார்கள். கிரயம் கைக்கு வந்ததும் அநேக மிராசுதார்களின் ஹிருதயம் அதிகப் பிரயாசையின்றி இளகிற்று.