சம்சாரமும் சாகரமும்

கடல்மேல் குடித்தனம் நடத்திய ஒரு குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், கரையில் கௌரவமாகக் குடித்தனம் நடத்தும் நம்மவர்களில் எத்தனை பேர் இரகசியமாகத் தோணி தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது புலனாகிறது. ஆகவே இந்த இதழின் பதில்கள் யாவும் சற்று உப்புக் கரிக்கும்.

கேள்வி: ‘சம்சார சாகரம்’ என்று பெரியோர்கள் உவமையாகச் சொன்னதை மெய்யாகவே செய்து பார்த்த அந்த மகானுபாவர் யார்? (ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்)

பதில்: ஜோஷுவா ஸ்லோகம் என்பவர், நோவா ஸ்கோஷியாவில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான கப்பல் தலைவர். ‘அக்விட்னெக்’ என்ற தம் சொந்தப் பாய்மரக் கப்பலை 1887ஆம் வருஷக் கடைசியில் பிரேஸில் தேசத்துப் பரனகுவா விரிகுடாவில் தரைதட்டி இழந்து, மாலுமிகளுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, இளைய மனைவி ஹெட்டியோடும் முதல் தாரத்துப் பிள்ளைகளான விக்டர், கார்ஃபீல்டு இருவரோடும் அந்நியக் கரையில் நின்றபோது, தங்களையும் என்னையும் போன்ற விவேகிகள் செய்திருக்கக்கூடியது நீராவிக் கப்பலுக்குக் கடனோ உடனோ வாங்கிச் சீட்டெடுத்து ஊர் போய்ச் சேர்வதே. அவரோ, உடைந்த கப்பலில் மீட்ட சாமான்களையும் காட்டில் வெட்டிய மரத்தையும் கொண்டு, ஆணிகளுக்கு வேண்டிய வளையங்களுக்காகச் செப்புக் காசுகளையே வெட்டித் துளையிட்டு, 35 அடி நீளத்தில் ஒரு படகைக் கட்டி முடித்தார். பணத்தைக் கடலில் போடுவது என்று நாம் சொல்வதை அவர் இவ்வளவு நேரிடையாக எடுத்துக்கொண்டார். படகு நீரில் இறங்கிய 1888 மே 13ஆம் தேதி, பிரேஸிலில் அடிமைத்தனத்தை ஒழித்த சட்டம் கையெழுத்தான நாளாக அமைந்துவிடவே, போர்த்துகீசியத்தில் விடுதலை என்று பொருள்படும் ‘லிபர்தாதே’ என்ற பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஜூன் மாதம் புறப்பட்டு, வழியில் துறைமுகங்களில் தங்கித் தங்கி, அக்டோபர் 28ஆம் தேதி தென் கரோலினாக் கரையை அடைந்தார்கள். கடலில் கழிந்த நாட்கள் மட்டும் 55. கடந்த தூரம் சுமார் 5,500 மைல். விடுதலை என்ற திருநாமம் தாங்கிய அந்தப் படகின் அகலம் ஏழரை அடி. ஏழரை என்ற எண்ணைக் கேட்டதும் நம்மவர்களுக்கு எழுகிற அச்சம் அந்த அம்மாளுக்கும் எழுந்ததா என்பது இந்தப் பிரயாணத்தைப் பற்றி ஸ்லோகம் எழுதிய புத்தகத்தில் இல்லை.

கேள்வி: 55 நாட்களுக்கு மளிகைச் சாமான் எப்படிப் பிடித்தார்கள்? எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் பெருங்காயம்கூட இருப்பதில்லை. (குடும்பத் தலைவி, மாயவரம்)

பதில்: கப்பல் தலைவர் தம் புத்தகத்தில் மளிகைக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார், வீர சாகசங்களைவிட எனக்கு அந்தப் பக்கந்தான் அதிக ருசி. கப்பல் பிஸ்கோத்து 120 பவுண்டு, உலர்த்திய இறைச்சியும் கருவாடும், மாவு, சர்க்கரை, தேன் 2 புட்டி, ஆரஞ்சு 200, வாழைத்தார் 6, காய்கறி என்ற ஸ்தானத்தில் கொஞ்சம் வள்ளிக்கிழங்கு வகையறாவும் ஒரு டஜன் கரும்பும். காப்பிக்கொட்டை 9 பவுண்டு. அதைக் கறுக வறுத்து, கோதுமை மாவைப் போல நைஸாக இடித்து வைத்துக்கொண்டதனால், வட அமெரிக்காவில் போடுகிற காப்பியோடு ஒப்பிட்டால் இது இரட்டிப்பு அளவுக்குச் சமம் என்றும் ருசியோ அதற்கும் மேல் என்றும் அவர் பெருமைப்பட்டுக்கொள்வதைப் படிக்கையில், இந்த மனிதர் முற்பிறவியில் காவேரிக்கரைக்காரராக இருந்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டாயிற்று.

மருந்துப் பெட்டியைக் கேட்டால் இன்னும் அதிசயிப்பீர்கள். பிரேஸில் கொட்டை, மிளகு, இலவங்கப்பட்டை: இவ்வளவுதான். பத்து மிளகு கையில் இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம் என்ற நம் பாட்டிமாரின் வைத்திய சாஸ்திரத்தை, அதைக் கேட்டறியாத ஒருவர் அட்லாண்டிக் சமுத்திரத்தில் பரீட்சித்துத் தேறியிருக்கிறார்.

வாழைத்தார் விஷயத்தில் மட்டும் சிறிது எச்சரிக்கை வேண்டும். இன்றும் குழந்தை குட்டிகளோடு பாய்ப்படகில் சமுத்திரம் கடக்கிற குடும்பத்தார் அனைவரும் ஏகோபித்துச் சொல்லும் குறை, தார் ஒரு வாரம் கல்லாகத் தொங்கிவிட்டு ஒரே காலையில் முழுவதும் பழுத்துத் தொலைகிறது என்பதுதான். அன்று காலை பழம், மத்தியானம் பழம், இராத்திரி பழ அப்பம். முட்டை அப்படியல்ல, ஓட்டின் நுண்துளைகள் அடைபடும்படி வாஸலைன் தடவி, மஞ்சள் கரு ஓட்டில் ஒட்டாமலிருக்க அவ்வப்போது திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். முட்டை திருப்புவது பெரும்பாலும் கடைக்குட்டியின் உத்தியோகம். அடுப்போ தொட்டில் மாதிரி இருபுறமும் தொங்கவிடப்பட்டது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும். குழம்பு அசையாது, கரண்டியோடு நிற்கிறவர்தாம் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு ஆடவேண்டும்.

கேள்வி: நடுச் சமுத்திரத்தில் செய்தித்தாள் இல்லாமல் எப்படிக் காலந்தள்ளுகிறார்கள்? (வாசகசாலைக் காரியதரிசி, காரைக்குடி)

பதில்: நிம்மதியாக.

கேள்வி: சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருக்க, ஸ்நானத்துக்கு என்ன குறை? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, கடல் ஜலத்தில் சாதாரண சோப்பு நுரைக்காது; திப்பித் திப்பியாகத் திரிந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். துணியைக் கடல் நீரில் அலசி உலர்த்தினாலோ, அதில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதனால், பத்து நாள் வெயிலில் போட்டாலும் அது நேற்றுத் துவைத்ததுபோலவே பிசுபிசுக்கும். ‘லிபர்தாதே’ ஏற்றிச் சென்ற நல்ல ஜலம் 120 காலன், ஆள் நால்வர். துறைமுகந்தோறும் நிரப்பிக்கொள்ள முடிந்தாலும், பெர்னாம்புகோவிலிருந்து பார்பேடோஸ் வரை 19 நாள் ஒரே ஓட்டம். அந்தக் கட்டத்தில் பல் விளக்கியவர் வாய் கொப்பளித்த நீரைப் பற்றிக்கூடப் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். ஆதலால் மழை வருகிறதென்றால் கரையில் நாம் குடையைத் தேடுகிறோம். படகில் இருப்பவர்கள் வாளியையும் சோப்பையும் தேடுகிறார்கள். தலையில் நுரை பொங்கி நிற்கும் சமயம் பார்த்து மேகம் கலைந்து போவதும் உண்டு.

கேள்வி: கப்பலில் வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாதாமே? என் மகன் நாலைந்து நாளாக இதையே சொல்லிப் பெருமூச்சு விடுகிறான். (தகப்பனார், சேலம்)

பதில்: மகனைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டுங்கள். ஸ்லோகத்தின் முதல் மனைவி வர்ஜீனியா, கப்பலிலேயே தம் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கப்பலிலேயே அவர்களுக்குப் பாடமும் நடத்தினார். ஓய்வு நேரத்தில், சுறாமீன் கப்பலை அண்டினால், கைத்துப்பாக்கியால் குறிதவறாமல் சுடுவாராம். அப்படிப்பட்ட உபாத்தியாயினி இருக்கும் வகுப்பில் வீட்டுக்கணக்கைப் போடாமல் வர யாருக்கு மனம் துணியும்? அதிலும், நோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்ற பரம்பரைச் சாக்கு அங்கே செல்லாது. வீடும் பள்ளியும் ஒன்று. வர்ஜீனியா 1884இல் புவெனஸ் ஐரெஸ் துறைமுகத்தில் காலமானார். ‘லிபர்தாதே’ புறப்பட்டபோது மூத்தவன் விக்டருக்கு வயது 16. கயிறு திரிப்பது முதல் தச்சுவேலை வரை எல்லாம் அவன் பொறுப்பு. கார்ஃபீல்டுக்கு 7.

கேள்வி: கடலில் ராகுகாலம் பார்ப்பது எப்படி? (ஜோதிட அபிமானி, மதுரை)

பதில்: படகு மேற்கே ஒரு பாகை நகர்ந்தால் உள்ளூர் நேரம் 4 நிமிஷம் பின்தங்கும், ஆகவே தினந்தோறும் நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வரும் கணத்தைக் கருவியால் பிடித்து அன்றன்றைக்கு அவர்களே நேரம் வகுத்துக்கொள்ள வேண்டும். ராகுவும் கூடவே நகர்ந்து வருவார் என்று நம்புவோம். ஸ்லோகம் பிற்காலத்தில் உலகம் சுற்றியபோது கொண்டுபோன கடிகாரம், ஒன்றரை டாலர் விலை சொல்லப்பட்டு, முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம். பேரம் பேசத் தெரிந்தவர்.

கேள்வி: அவ்வளவு சிறிய இடத்தில் புருஷன் மனைவி சண்டையே வராதா? (பெயர் வெளியிட விரும்பாதவர், கோயம்புத்தூர்)

பதில்: வராமல் என்ன? வந்தபின் போவதற்கு இடந்தான் இல்லை. கரையில் நடக்கும் ஒரு மனஸ்தாபமானது கூடத்தில் பிறந்து, ரேழியில் வளர்ந்து, திண்ணையில் மௌனமாகி, கொல்லைப்புறத்தில் ஒருவருக்கும் ஒருவரிடமும் இல்லாத பொதுப் புலம்பலாகி, அங்கும் அடங்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்தகம் போய், நான்கு நாள் கழித்துத் தம்பியின் துணையோடு திரும்பி வருகிறது. படகிலோ கூடமும் ரேழியும் திண்ணையும் ஒரே பலகை. மூன்றடி ஆழமுள்ள அறையில் நிமிர்ந்து நின்று கோபிக்கக்கூட முடியாது, உட்கார்ந்துதான் கோபிக்க வேண்டும். நியாயம் கேட்க எதிர்வீடு கிடையாது. பிறந்தகமோ ஆயிரம் மைலுக்கப்பால். பாத்திரத்தை விட்டெறியலாமென்றால் அது கடலோடு போய்விடும், மறுவேளைக்கு வேறு பாத்திரம் இல்லை.

இதற்கு மாலுமிகள் கண்டுபிடித்த பரிகாரம் காவல் முறை. நான்கு மணி நேரம் ஒருவர் விழித்திருந்து சுக்கானையும் தொடுவானையும் கவனிக்க, மற்றவர் உறங்குவது என்ற இந்த ஏற்பாட்டில், தம்பதிகள் ஒருவரையொருவர் சந்திப்பது முறை மாறும் பத்து நிமிஷத்தில்தான். அந்தப் பத்து நிமிஷமும், காற்று எந்தப் பக்கம், கப்பல் விளக்கு ஏதும் தென்பட்டதா, காப்பி மிச்சம் இருக்கிறதா என்ற சர்க்கார் பாஷையிலேயே கழிந்துவிடும்.

பெரிய சண்டை புயலுக்கு வருவதில்லை. புயலில் எல்லாரும் ஒற்றுமை. பின்காற்று வீசும் அழகிய நிலா இராத்திரியில், படகு தொட்டில்போல இருபுறமும் உருளும்போது, அலமாரிக்குள் எங்கோ ஒரு டம்ளர் சரிந்து ‘டொக்’ என்று இடிக்கும். நான்கு எண்ணுவதற்குள் மறுபக்கம் ‘டொக்’. படுத்திருக்கும் அனைவரும் அதைக் கேட்பார்கள்; அனைவரும் உறங்குவதுபோல் பாவனை செய்வார்கள்; எழுந்து ஒரு துணியை அதில் சுற்றி வைக்கவேண்டியது யார் என்பதுதான் சமுத்திர யாத்திரையின் மகத்தான வியாஜ்யம். கைத்துண்டு ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டு படுப்பவர்களே தீர்க்காயுசாக இல்லறம் நடத்துகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு அளக்கிறீரே, நீர் கடலில் போனதுண்டா? (உண்மை விரும்பி, தூத்துக்குடி)

பதில்: உண்டு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு அந்நாளில் ஓடிய நீராவிக் கப்பலில், அத்தையோடு, சுமார் 22 மைல். புறப்படும்போது அத்தை என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, “முகர்ந்துகொண்டே வாடா, ஒன்றும் செய்யாது” என்றாள். பாதி வழியில் தலைமன்னாரும் வேண்டாம், தனுஷ்கோடியும் வேண்டாம், ஜன்மமே வேண்டாம் என்ற தத்துவ நிலையை நான் எய்தியபோது, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். இன்றளவும் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் என் காலடியில் தரை சாய்கிறது.

கண் ‘அசையவில்லை’ என்கிறது, காது ‘அசைகிறது’ என்கிறது. இரண்டுக்கும் நடக்கும் வழக்கில் தண்டனை வயிற்றுக்கு. தொடுவானைப் பார்த்துக்கொண்டிருந்தால் சற்றுத் தணியும். மூன்று நாளில் பெரும்பாலோர்க்கு முற்றும் நீங்கிவிடும். எனக்கு அந்த மூன்றாம் நாள் வாய்க்கவில்லை. கடற்படைத் தலைவர் நெல்சனுக்கே இந்த உபாதை இருந்தது என்று அறிந்தபின் அத்தையிடம் சொன்னேன். அவருக்கு யாரும் எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கமாட்டார்கள் என்றாள்.

கேள்வி: திமிங்கிலம் முட்டினால்? (கவலையுற்றவர், நாகப்பட்டினம்)

பதில்: ‘லிபர்தாதே’யின் அடிமரத்தை ஒரு திமிங்கிலம் உரசி மோதிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் தன் வழியே போயிற்று. எல்லாரும் அவ்வளவு பாக்கியசாலிகள் அல்லர். இங்கிலாந்தில் பண்ணையை விற்றுவிட்டு 1971இல் ‘லூஸெட்’ என்ற பாய்ப்படகில் குடும்பத்தோடு கிளம்பிய டூகல் ராபர்ட்ஸன் என்பவரின் படகை, 1972 ஜூன் 15ஆம் தேதி, கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே கொலைத் திமிங்கிலங்கள் முட்டி உடைத்தன. சில நிமிஷங்களில் அது மூழ்கிவிட்டது. பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் உடன் வந்த இளைஞர் ஒருவருமாக ஆறு பேர், மழை நீரையும் ஆமையையும் நம்பி 38 நாள் மிதந்து, ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார்கள்.

அந்த 38 நாளில் அவர்கள் வாயோயாமல் பேசிய விஷயம் எது தெரியுமா? ஊர் திரும்பியதும் ‘டூகலின் சமையலறை’ என்ற பெயரில் ஓர் உணவு விடுதி தொடங்குவது. அதில் என்னென்ன பதார்த்தம், எதற்குப் பின் எது பரிமாறுவது. உதடு வெடித்து, நாக்கு வறண்டு, ஆமை இறைச்சியைக் கடித்தபடியே, அந்தக் குடும்பம் நாள்தோறும் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தது.

கேள்வி: என் வீட்டுக்காரர் அடுத்த வருஷம் பென்ஷன் வாங்கப் போகிறார். தங்கள் இரண்டு வரியைப் படித்ததிலிருந்து, ஒரு படகு வாங்கி என்னையும் ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றப் போவதாகச் சொல்கிறார். என்ன பதில் சொல்லட்டும்? (குடும்பத் தலைவி, ஸ்ரீரங்கம்)

பதில்: அம்மணி, முதற்கண் என்னை மன்னியுங்கள். அடுத்து, ஹெட்டி அம்மாளின் கதையைச் சொல்கிறேன். 1886 பிப்ரவரியில் கல்யாணம். அதே மாதக் கடைசியில் கப்பலேற்றம். அதற்கப்பால் இரண்டே வருஷத்துக்குள் அந்தப் புதுப்பெண் கண்டவை: காலராவைக் காரணங்காட்டித் துறைமுகத்தில் நுழையவிடாமல் திருப்பியடித்த அதிகாரிகள்; நடுநிசியில் மாலுமிகளின் கலகம்; கப்பல் முழுவதும் பரவிய அம்மை நோய்; இறுதியில் கப்பலே போயிற்று. ‘லிபர்தாதே’க்கான பாய்கள் அனைத்தையும் அவர்தாம் தைத்தார். தையல் வேலை தெரிந்தவர். அவர் தைத்த பாய்கள் மிக நல்ல பாய்கள் என்று கணவர் அச்சிலேயே மெச்சியிருக்கிறார். மனைவியின் கைவேலையை அச்சில் மெச்சிய கணவர் என்பதற்காக மட்டும் அவரை நான் சிறிது மதிக்கிறேன்.

பிறகு 1895இல் ‘ஸ்ப்ரே’ என்ற படகைத் தயார்செய்துகொண்டு, உடன் வருகிறாயா என்று அவர் கேட்டபோது, தமக்கு ஏற்கெனவே ஒரு பிரயாணம் ஆகிவிட்டது என்று அந்த அம்மாள் சொன்னதாகப் பேச்சு. சண்டையில்லை, பெட்டியைத் தூக்கவில்லை, அவ்வளவுதான் சொன்னார். ஸ்லோகம் தனியாகவே பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, மூன்று வருஷம் இரண்டு மாதத்தில் 46,000 மைல் சுற்றி, உலகைத் தன்னந்தனியே வலம்வந்த முதல் மனிதர் என்ற கீர்த்தியோடு 1898இல் திரும்பினார். ஹார்ன் முனைப் பக்கம் புயலில் பாய் கிழிந்தபோது, ஊசியும் நூலும் எடுத்து அவரே உட்கார்ந்து தைத்துக்கொண்டார்.