பள்ளிகொண்டா என்னும் ஊர்ப்பெயரில் கோப்பு அனுமதிக் கோட்பாடு: ஓர் ஆய்வு

1. சொல்லாராய்ச்சி

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். ஊருக்கும் அதுவே பெயர் என்பர். இது பாதி உண்மை. பள்ளி என்றால் படுக்கை. பள்ளி என்றால் பாடசாலையும்கூட. முன்னதில் தூக்கம், பின்னதில் பரீட்சை. இயல்புநிலைக் கோப்பு அனுமதி, தானியங்கிச் சோதனை என்னும் கணினித்துறைத் தலைவலிகள் இரண்டும் இவ்வொரு சொல்லில் அடங்கியிருப்பதைப் புலவர் எவரும் கவனியாதது வியப்பே.

2. தூக்கம்

உடையவர் வாய் திறக்காமல் உறங்கும்போது எது செல்லுமோ அதுவே இயல்புநிலை. யுனிக்ஸில் கோப்புக்கு மூன்று இலக்கம்: உடையவர், குழு, மற்றவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. 644 என்றால் எல்லாரும் சேவிக்கலாம், பெருமாள் மட்டுமே மாற்றலாம். 600 என்றால் நடை சாத்தியாயிற்று. புதுக் கோப்பு 666 என்று தாராளமாகப் பிறக்கப் பார்க்கும். யூமாஸ்க் என்னும் காவல்காரர் 022 என்று அதட்டி, பிறர் கைப்பேனாவைப் பிடுங்கி, 644 ஆக்குவார்.

3. சான்று

கான்சஸ் மாநிலப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் பிறந்த ஜாங்கோ என்னும் வலைத்தள ஃபிரேம்வொர்க்கில், முன்பெல்லாம் 2.5 எம்பிக்குள் அடங்கும் கோப்பை ஏற்றினால் பெரும்பாலும் 644. மீறினால் அது முதலில் தற்காலிகக் கோப்பாகத் தங்கும். அதற்குப் பிறவிக்குணம் 600. இடம் மாறினாலும் குணம் மாறாது. ஆக, தனியாளாய் வந்தவருக்கு நடை திறப்பு, வேன் பிடித்துக் குடும்பத்தோடு வந்தவருக்கு நடை சாத்தல். 2019 டிசம்பரில் வந்த 3.0 பதிப்புதான் இருவருக்கும் 644 என்று தீர்ப்பளித்தது.

4. பரீட்சை

நிரல் எழுதியவர் மடிக்கணினியில் யூமாஸ்க் 022, சர்வரில் 077 என்று வைத்துக்கொள்வோம். தன் கணினியில் மட்டும் டெஸ்ட் ஓட்டுபவர், வினாத்தாள் தயாரித்துத் தானே விடையும் எழுதுகிறவர். நூற்றுக்கு நூறு நிச்சயம். ஜாங்கோவின் சொந்த டெஸ்ட் இதை அறியும். யூமாஸ்க்கை வேண்டுமென்றே 027 ஆக்கிப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவைப்போலப் பழைய எண்ணைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும்.

5. மறுப்பும் முடிபும்

"777 போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார் உளர். அவர் கொள்கைப்படி வழிப்போக்கரும் கருவறைக்குள் புகுந்து பெருமாளை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைக்கலாம்.

ஆகவே முடிபு: நிம்மதியாய்ப் பள்ளிகொள்ள நினைப்பவர் முதலில் பள்ளிக்குப் போய்வர வேண்டும்.